அழியாத நானூற்றுப் பதினாறு

கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்புக் காலோடு போகக் கூடாது. எங்கள் கம்பெனியில் எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே சட்டம் அதுதான். பிரஸ் ஷாப்பில் கையுறை போட வேண்டும், பூட்ஸ் போட வேண்டும், இரண்டு பட்டனையும் இரண்டு கையால்தான் அமுக்க வேண்டும் என்று சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்ததை ஒருவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அந்த ஏ.சி. ரூம் வாசலில் மட்டும் கோயில் வாசல் போலச் செருப்புகள் கிடக்கும். முதலாளியே வந்தாலும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஆடி பிறந்து முதல் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு அந்த வாசலில் ஏழு ஜோடி கிடந்தது. நான் ஸ்டோர்ஸ் கிளார்க், பெயர் சுப்பிரமணி. புரொஜக்டரில் வைத்துக் காட்டுகிற கண்ணாடிக் காகிதம், டிரான்ஸ்பரன்சி ஷீட் என்பார்கள், அதில் ஸ்டோர்ஸில் மிச்சமிருந்த கடைசி அரைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். எட்டாவது ஜோடியாக என் செருப்பையும் விட்டுவிட்டு உள்ளே போனேன்.

ஒர்க்ஸ் மேனேஜர் வெங்கடேசன் சார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மவுஸை அடுப்படியில் கரப்பான் பூச்சியைத் துரத்துவது போலத் துரத்திக்கொண்டிருந்தார். சுற்றி ஆறு பேர். மேஜைமேல் கெட்டுப்போன ஷீட்டுகள் ஒரு குவியல். பாதி ஷீட்டுகள் முழுக்கக் கறுப்பு, எழுத்தே தெரியவில்லை. மீதியில் கீழ்க்கட்டத்தில் ஒரு எண்ணின்மேல் இன்னொரு எண் ஏறி உட்கார்ந்து, என்ன எண் என்றே படிக்க முடியவில்லை.

“வைரஸ் சார்,” என்றார் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர்.

“ஆடி மாசம் வேற. மேல வேப்பில சொருகினா எறங்கிடும் சார்,” என்றார் டெஸ்பாட்ச் ஆள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமை இல்லை. நாங்கள் வல்லத்தைத் தாண்டி இருக்கிற சின்னக் கம்பெனி, நூற்றைம்பது பேர். ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனிக்குத் தகட்டில் சில்லறைச் சாமான்கள் அடித்துக் கொடுப்போம். அந்தப் பெரிய கம்பெனியிலிருந்து செவ்வாய்க்கிழமை பார்வைக்கு வருகிறார்கள். ரிப்போர்ட்டை இந்த அமைப்பில்தான் காட்ட வேண்டும் என்று ஒரு பிளாப்பி கொடுத்திருந்தார்கள். டெம்ப்ளேட் என்று அதற்குப் பேர். நீலப் பின்னணி, மேலே அவர்கள் சின்னம், கீழே மூலையில் ஒரு கட்டம். கட்டத்தில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று போட்டு எண்ணுக்கு இடம் விட்டிருக்கும். அந்த எண் பெரிதாக இருந்தால் ஆர்டர் பெரிதாகும்.

கம்ப்யூட்டரில் கைபழகின ஒரே ஆள் டைப்பிஸ்ட் ஜாஸ்மின். அவள் ஐந்து நாள் லீவில் இருந்தாள். அந்தச் சமயத்தில் மேனேஜர் தானே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார். முதல் ஷீட் என்று நினைத்து ஏதோ ஒரு பக்கத்தில் 416 என்று அடித்துவிட்டார். அது இருபத்துநாலு ஷீட்டிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. செவ்வாய்க்கிழமைக்கு 423 வர வேண்டும். 416-ஐ அழிக்கப் பார்த்தால் அழியவில்லை, மேலேயே 423 என்று அடித்தால் இரண்டும் சேர்ந்து அச்சாகிறது. போதாதென்று எங்களிடம் இருந்தது கறுப்பு மட்டும் அடிக்கிற பிரின்டர். நீலப் பின்னணி கறுப்பாக இறங்கி ஷீட்டையும் மையையும் தின்றுவிட்டது.

ஜாஸ்மின் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். லீவு முடிந்து வந்து அது இரண்டாவது நாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

“ஜாஸ்மின், நீ பாரும்மா. என்ன பண்ணினாலும் இந்த நம்பர் போக மாட்டேங்குது. கிளிக் பண்ணினா பிடிபடவே மாட்டேங்குது. இதை எடுத்துக் குடு, அது போதும்.”

“யார் சார் இத்த போட்டது?”

“நான்தான். நீ லீவுல இருந்தியே, அன்னைக்கி.”

“நானூத்திப் பதினாறுன்னா செவ்வாக்கெழம சார்,” என்றாள். “அன்னிக்கி எங்க வூட்டுக்காரருக்குக் கட்டுப் பிரிச்சி மறுகட்டுப் போட்டாங்க.”

வெங்கடேசன் சார் நாற்காலியை விட்டு எழுந்தார். மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருவராக வெளியே போய்ச் செருப்பு மாட்டினார்கள். நானும் பெட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜாஸ்மினும் அவள் புருஷன் ஜோயலும் சேரப்பணஞ்சேரியில் எங்களுக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு முள்வேலி, அதில் ஆள் புகுந்து போகிற அளவுக்கு ஒரு சந்து. ஜோயல் எங்கள் கம்பெனியில் பிரஸ் ஆப்பரேட்டர், ஐந்து வருஷமாக நிரந்தரமாகாத கேசுவல். அந்த மாதம் ஆர்டர் நெருக்கடி. இரண்டு கையாலும் பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும், அப்படி இருந்தால்தான் கை உள்ளே மாட்டாது. ஆனால் அதில் நேரம் போகிறதே. ஒரு பட்டனைக் குச்சி சொருகி அமுக்கியபடியே நிறுத்திவிட்டு, ஒரு கையால் தகட்டைத் தள்ளி, ஒரு கையால் அடுத்த பட்டனை அமுக்கினால் மணிக்கு நூறு அதிகம் விழும். சூப்பர்வைசருக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும், குச்சியை வெட்டிக் கொடுத்த ஸ்டோர்ஸுக்கும் தெரியும். ஸ்டோர்ஸ் என்றால் நான்.

முந்தின வாரம் வெள்ளிக்கிழமை செகண்ட் ஷிப்ட், சாயங்காலம் ஐந்து மணி. வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின. கேட்டில் விபத்தில்லா நாட்களை எழுதுகிற பலகையில் அன்றைக்கு 412. மறுநாள் காலை வாட்ச்மேன் அண்ணாதுரை வழக்கம் போலச் சாக்பீஸ் எடுத்து 413 என்று எழுதினார். என்னைப் பார்த்து, “நான் இன்னா பண்றது சுப்பிரமணி, எழுதச் சொன்னாங்க,” என்றார். நான் கேட்கவே இல்லை.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கம்பெனியில் பட்ட காயம் என்று பதிவாகிவிடும். அதனால் குன்றத்தூரில் ஒரு தனியார் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். வீட்டில் மோட்டார் பெல்ட்டில் கை மாட்டியது என்று ஒரு காகிதம் எழுதினார்கள். ஜோயல் வீட்டில் நிலமும் கிடையாது, கிணறும் கிடையாது. அதனால் என் மோட்டார் என்று எழுதி என்னிடமே சாட்சிக் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன். இதை எழுதுவதற்கே இப்போதும் கூசுகிறது.

என் வீட்டுக்காரி சுந்தராம்பாள் கேட்டது ஒரே கேள்வி. “நம்ம மோட்டாரு சித்திரையில இருந்து காயில் எரிஞ்சி படப்பையில வைண்டிங் கடையில கெடக்குது. ஓடாத மோட்டாரு அங்கிருந்து வந்தா அந்தப் புள்ள வெரல வெட்டிச்சி?”

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

கம்ப்யூட்டர் ரூமில் கூடியதற்கு மறுநாள் ஞாயிறு. ஆடி முதல் ஞாயிறு என்று சுந்தராம்பாள் அம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். வேலிச் சந்து வழியாக ஒரு குண்டானில் கூழும், முருங்கைக்கீரைப் பொரியலும், கருவாட்டுக் குழம்பும் ஜோயல் வீட்டுக்குப் போயின. அவர்கள் கர்த்தரைக் கும்பிடுகிறவர்கள், ஆனாலும் வருஷா வருஷம் எங்கள் வீட்டுக் கூழ் அங்கே போகும், கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து பிரியாணி வரும். காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஜோயல் வாசலில் ஒயர் சேரில் உட்கார்ந்திருந்தான். வலது கை மணிக்கட்டிலிருந்து வெள்ளைக் கட்டு, மடியில் பிள்ளையைக் கிடத்தியது போலக் கிடந்தது.

“கூழு நல்லதுண்ணா,” என்றான் என்னைப் பார்த்து. “டம்ளருல ஊத்தி இடது கையில குடிச்சிரலாம். சோறுன்னா அம்மா ஊட்டி வுடுது. வெக்கமாக் கீது.”

அவன் அம்மா ராஜம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “இன்னாடா வெக்கம்? நான் ஊட்டாத வாயா அது?”

ஜாஸ்மின் உள்ளேயிருந்து வந்து படியில் உட்கார்ந்தாள். “அண்ணா, அந்த நம்பரு எங்க ஒளிஞ்சிகினு கீதுன்னு எனக்குத் தெரில. ஆனா கண்டுபுடிச்சிருவேன். அப்பால அத நான் மாத்தணும். நானூத்தி இருபத்தி மூணு. என் கையால.”

“மாத்திக் குடுத்துட்டு வா,” என்றான் ஜோயல். “சாரு சொல்லிக் கீறாரு. விசிட்டு முடிஞ்சதும் என்ன பர்மனென்ட் பண்றேன்னு. உன்னையும் கன்பார்ம் பண்ணிருவாங்க.”

“எழுதிக் குடுத்தாரா?”

“எல்லாத்தையும் எழுதியா குடுப்பாங்க?”

“மோட்டாருன்னு மட்டும் எழுதி வாங்கிக்கினாங்கல்ல.”

“ஏய், வுடு.”

“நான் ஒண்ணு கேக்குறேன். பர்மனென்ட் பண்ணி எங்க நிக்க வெப்பாங்க? பிரஸ்ஸுலயா? தகடு புடிக்க வெரலு வேணாமா? ஆறு மாசம் கழிச்சி வேலைக்கு அன்பிட்டுன்னு டாக்டர் எழுதினா, வூட்டுல பட்ட காயத்துக்கு நாங்க இன்னா பண்றதுன்னு கேப்பாங்க. கம்பெனின்னு பதிவாச்சின்னா இ.எஸ்.ஐ.ல ஆயுசுக்கும் மாசாமாசம் வரும். பதிவாவலன்னா கூழுக்கும் வழி இல்ல.”

ஜோயல் டம்ளரைக் கீழே வைத்தான். “பதிவாச்சின்னா ஆர்டர் போவும். ஆர்டர் போச்சின்னா நூத்தம்பது பேரும் என் மூஞ்சில காறித் துப்புவான். கொறஞ்ச வெரல வெச்சிகினு நான் இந்த ஊருல நடக்கணும். நீங்க சொல்லுங்கண்ணா.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ராஜம்மாகூட வெங்காயத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நாற்பத்தாறு வயது மனுஷன், ஊரில் நாலு பேர் நியாயம் கேட்க வருகிறவன். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்குத் தையில் கல்யாணம் பேசியிருந்தது.

“பாப்பம்,” என்றேன். “கர்த்தர் ஒரு வழி வுடுவாரு.”

“அவரு எங்க சாமிண்ணா,” என்றாள் ஜாஸ்மின். “நீங்க ஒரு வழி சொல்லுங்கன்னு கேட்டா அவரு தலையில தூக்கிப் போடறீங்க.”

ஜோயல் சிரித்தான். கட்டுப் போட்டபின் அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதனால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

திங்கள்கிழமை மெட்ராஸிலிருந்த கம்ப்யூட்டர் கடை இன்ஜினியருக்குப் போன் போட்டார்கள். அவர் வர முடியாது, போனிலேயே சொல்கிறேன் என்றார். ஜாஸ்மின் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவர் சொல்லச் சொல்லச் செய்து பார்த்தாள். நான் கறுப்பு மை டப்பா கொடுக்கப் போனவன் நின்றுவிட்டேன். பத்து நிமிஷத்தில் போனை வைத்தாள்.

“வைரஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்லண்ணா. இங்க பாருங்க.” ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். “இது மாஸ்டர். எல்லா ஷீட்டுக்கும் அடியில இது ஒண்ணு படுத்துகினு கீது. இதுல எழுதினா எல்லாத்துலயும் தெரியும். ஷீட்டுல நின்னுகினு அழிச்சா அழியாது, அது மேல இல்ல, அடியில கீது. சார் தெரியாம இதுல பூந்து எழுதிட்டாரு.”

நீலப் பின்னணியை வெள்ளையாக்கினாள். ஒரே அமுக்கு, இருபத்துநாலு ஷீட்டும் வெளுத்துவிட்டது. பிறகு 416-ன்மேல் மவுஸைக் கொண்டுபோய் வைத்தாள். இரண்டு நாளாக எட்டுப் பேருக்குப் பிடிபடாமல் இருந்த எண் சாதுவாக அவள் கைக்கு வந்தது.

“இப்ப மாத்தினா ஆச்சி?” என்றேன்.

“மூணு எழுத்து. அவ்ளோதான்.” அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். “இவ்ளோ சுளுவா இருக்கக் கூடாதுண்ணா.”

நான் மை டப்பாவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பெரிய கம்பெனி ஆட்கள் வருவது பத்தரைக்கு. கம்ப்யூட்டர் ரூமில் இருபத்துநாலு ஷீட்டும் அச்சாகி வரிசையாகப் பரப்பிக் கிடந்தன. எழுத்து பளிச்சென்று இருந்தது. மூலையில் கட்டம் இருந்தது, ‘விபத்தில்லா நாட்கள்’ என்று இருந்தது. எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“நம்பர் எங்கம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார் வெங்கடேசன் சார்.

“எடுத்துட்டேன் சார். அத எடுத்துக் குடு, அது போதும்னு சொன்னீங்க.”

“பழசை எடுத்துட்டுப் புதுசு போடணும்னு தெரியாதா? போட்டு மறுபடி அடி.”

“ஷீட்டு இல்ல சார். நீங்க கறுப்பா அடிச்சது போவ மிச்சம் இருபத்தி நாலுதான் இருந்துது. கணக்கா வந்துது.”

அவர் என்னைப் பார்த்தார். ஸ்டோர்ஸில் ஒரு ஷீட்டும் இல்லை, மவுண்ட் ரோடுக்கு ஆள் அனுப்பினால் திரும்பிவர மதியமாகும் என்றேன். அது உண்மை. ஜாஸ்மின் தலையைக் குனிந்தபடி நின்றாள். வெறுங்கால் பெருவிரலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்று நாளாக அவரும் வீட்டுக்குப் போய்ச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்.

“சுப்பிரமணி, உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். இந்தாங்க மார்க்கர். எல்லாத்துலயும் 423-னு எழுதிடுங்க.”

மார்க்கரை வாங்கிக்கொண்டேன். மூடியைத் திறக்கவில்லை. அவருக்கு அது புரிந்தது. என்னைக் கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு மட்டும் ஆசையா சுப்பிரமணி? இந்த ஆர்டர் போச்சுன்னா தீபாவளிக்குள்ள கேட்டை மூடிடுவாங்க. ஒருத்தனுக்கு ரெண்டு விரல், நூத்தம்பது பேருக்குச் சோறு. நீங்களே தராசுல வெச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்தேன். தராசின் ஒரு தட்டில் என் பெரிய மகளும் ஏறி உட்கார்ந்தாள். அப்புறம் எங்கே நியாயம் பார்ப்பது. உட்கார்ந்து எழுதினேன்.

ஜாஸ்மின்தான் ஒவ்வொரு ஷீட்டாக எடுத்து என் முன்னால் வைத்தாள். எழுதினதும் எடுத்து, மை கலையாமல் வாயால் ஊதிக் காயவைத்து அடுக்கினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கம்ப்யூட்டரில் ஒரு இடத்தில் மாற்றினால் தானாக இருபத்துநாலிலும் இறங்கியிருக்கும், யார் கையும் அழுக்காகியிருக்காது. இப்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது. நாலு, இரண்டு, மூன்று. நாலு, இரண்டு, மூன்று. ஒன்பதாவது ஷீட்டில் விரல் வியர்த்து மார்க்கர் வழுக்கியது.

“கை நோவுதாண்ணா?” என்றாள்.

“இல்லம்மா.”

“மெதுவா எழுதுங்க. நேரம் கீது.”

பதினைந்து ஷீட் பாக்கி இருந்தது. அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் பதினைந்தையும் எழுதினேன்.

பத்தரைக்கு இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் பேசாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். சின்னவர் அறிவுமதி என்று ஒரு இன்ஜினியர், முப்பது வயதுக்குள் இருக்கும், வெள்ளைச் சட்டையைக் கசங்காமல் வைத்துக்கொண்டிருந்தார். ஷீட் பறக்காமல் பிடித்து, புரொஜக்டரில் ஒவ்வொன்றாக மாற்றி வைக்கிற வேலையும் எனக்கே வந்தது. வெங்கடேசன் சார் இங்கிலீஷில் நன்றாகப் பேசினார். ஏழாவது ஷீட்டில் அறிவுமதி கையைத் தூக்கினார்.

“ஒரு நிமிஷம் சார். எல்லாம் அச்சுல இருக்கு, இந்த நம்பர் மட்டும் ஏன் கையால எழுதியிருக்கீங்க?”

“பேக்ரவுண்ட்ல ஏதோ பிராப்ளம் சார். கம்ப்யூட்டர்ல வர மாட்டேன்னுடுச்சு.”

“அந்த டெம்ப்ளேட் நான் செஞ்சது,” என்றார் அவர் சந்தோஷமாக. “மத்த சப்ளையர்களும் இதே தொல்லையைச் சொல்றாங்க. மாஸ்டர்ல ஒரு இடத்துல மாத்தினாப் போதும், எல்லாத்துலயும் மாறிடும். உங்க ஆபரேட்டரைக் கூப்பிடுங்க, சொல்லித் தர்றேன். இனிமே கஷ்டப்பட வேணாம்.”

பாவம், உதவி செய்கிறேன் என்றுதான் கூப்பிட்டார். ஜாஸ்மின் அவசரத்தில் செருப்பை மறந்து வெறுங்காலோடு வந்து நின்றாள். அவர் மாஸ்டரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பாதியிலேயே அவள் சொன்னாள்.

“தெரியும் சார். நானே தொறந்தேன். நம்பர நான்தான் எடுத்தேன்.”

“எடுத்தீங்க சரி, புது நம்பர் போடலையா? அரை நிமிஷ வேலைதானே?”

“ஆமா சார். அரை நிமிஷம்தான்.” அவள் தொண்டையைச் செருமினாள். “அது தப்பு நம்பரு சார். அதான் போடல.”

“சரியான நம்பர் என்ன?”

வெங்கடேசன் சார் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினொண்ணு,” என்றாள். “என் வூட்டுக்காரரு இங்க பிரஸ்ஸுல கீறாரு.”

“சார், அது வந்து,” என்று வெங்கடேசன் சார் எழுந்தார். “அது கம்பெனில நடந்தது இல்ல சார். வீட்டுல கிணத்து மோட்டார்ல மாட்டிக்கிட்டார். டாக்டர் சர்டிபிகேட் இருக்கு, சாட்சி இருக்கு. இதோ, சாட்சியே இங்க நிக்கிறார்.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் புரொஜக்டர் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தேன், சட்டை பாக்கெட்மேல் 423 என்று என் கையெழுத்தே விழுந்திருந்தது. தைரியம் வந்தது என்று சொல்ல மாட்டேன். அலுப்பு வந்தது. ஓடாத மோட்டாரைச் சுமந்துகொண்டு இனி ஒரு அடி நடக்க முடியாது என்று தோன்றிவிட்டது.

“அந்த மோட்டார் என்னுது சார்,” என்றேன். “சித்திரை மாசத்துல இருந்து அது படப்பையில வைண்டிங் கடையில கெடக்குது. போன் பண்ணிக் கேளுங்க. இந்த நம்பர எழுதனதும் நான்தான் சார்.”

அறிவுமதியின் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. பக்கத்திலிருந்த பெரியவர்தான் பேனாவை மூடிவிட்டு, “பிரஸ் ஷாப்பைப் பார்த்துடலாம்,” என்றார்.

போய்ப் பார்த்தார்கள். விசிட் என்று தெரிந்தும், பழக்கதோஷம், மூன்றாவது பிரஸ்ஸில் குச்சி சொருகியே இருந்தது. அதற்கப்புறம் பேச்சு அதிகமில்லை. எல்லாப் பிரஸ்ஸிலும் பட்டனைச் சரிசெய்து காட்டும் வரை ஆர்டர் நிறுத்தம். அன்றைக்கே விபத்து அறிக்கை இ.எஸ்.ஐ.க்குப் போக வேண்டும், நகல் அவர்களுக்கும் வர வேண்டும். நாலு மணிக்கு வெங்கடேசன் சார் அறிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜாஸ்மினுக்கும் எனக்கும் நாளையிலிருந்து வேலை உண்டா இல்லையா என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். ஒரகடத்தில் இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர் அதே பஸ்ஸில் இருந்தார்கள். வழக்கமாக வம்பளக்கிறவர்கள், அன்றைக்கு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் இறங்கும்போது, “ஜோயலுக்கு எப்படிக் கீது?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஊருக்கு வரும்போது வெளிச்சம் இருந்தது. ஜோயல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். எங்கள் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். ஜாஸ்மின் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள், ஒன்றையும் குறைக்கவில்லை. ராஜம்மா நடுவில் ஒருமுறை, “ஏசுவே,” என்றாள்.

“பர்மனென்ட்டு போச்சா?” என்றான்.

“போச்சி.”

“உன் வேல?”

“தெரில.”

“ஆர்டர நிறுத்திட்டாங்க.”

“ஆமா.”

அவனுக்குக் கோபம் ஏறுவது தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. இடது கையால் சேரின் முதுகைப் பிடித்துக்கொண்டான். நான் இரண்டு பேருக்கும் நடுவே போய் நிற்கலாமா என்று பார்த்தேன். அவன் அவளை விட்டுவிட்டுத் தெருவைப் பார்த்தான், பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்தான்.

“எத்தினி நாளுன்னு சொன்ன?”

“பதினொண்ணு.”

“பதினொண்ணு இல்ல,” என்றான். “பன்னெண்டு. வெரலு போன நாள வுட்டுட்டு எண்ணிக் கீற. இன்னியோட பன்னெண்டு.”